சாரலும் தண்டுவடமும்

நுழையும்முன்

உடலில் எங்குக் காயம் ஏற்பட்டாலும் காலம் அதனை ஆற்றிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. தோல் மூடிக்கொள்கிறது, முறிந்த எலும்பு கூடுகிறது. ஆனால், முதுகெலும்புக்குள் சுண்டுவிரல் பருமனில் ஓடும் ஒரு வடம் சிதைந்தால் அது பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. அந்த இழப்புக்குப் பின் ஒருவர் எவ்வாறு வாழ்கிறார் என்பது அவர் உடலை மட்டும் பொறுத்ததா? அவர் வாழும் ஊரையும் பொறுத்ததா? குற்றாலத்து அருவிக்கரையிலிருந்தும் ஆய்க்குடியிலிருந்தும் இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

தோளில் விழும் அருவி

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் குற்றாலத்தில் சாரல் பருவம் பிறக்கிறது. மலைமேல் தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் இறங்கிவரும் சிற்றாறு, அடிவாரத்தில் பேரருவியாக விழுகிறது. ஐந்தருவியும் பழைய குற்றால அருவியும் புலியருவியும் நீர் நிறைந்து வழிகின்றன. திரிகூட இராசப்பக் கவிராயர் தம் குற்றாலக் குறவஞ்சியில் பாடிச் சிறப்பித்த மலை இது. அம்மலையின் குளிர்ச்சியை மனித உடல் எவ்வாறு உணர்கிறது என்பதை இன்றைய நரம்பியல் விளக்குகிறது.

அருவியின் கீழ் ஒருவர் தோளைக் கொடுத்து நிற்கிறார். நீரின் அடியை உணரும் ஏற்பிகளும் குளிரை உணரும் ஏற்பிகளும் தோலில் தனித்தனியே உள்ளன. அவற்றில் எழும் செய்திகள் வெவ்வேறு நரம்பிழைகளின் வழியாகத் தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்து மூளைக்கு ஏறுகின்றன. அடியைச் சுமக்கும் இழைகள் பருமனானவை, விரைந்து கடத்துபவை. குளிரைச் சுமக்கும் இழைகள் மெல்லியவை. ஆகவே, அடிபட்ட செய்தி முதலிலும் குளிரின் செய்தி சற்றுப் பின்னரும் மூளையைச் சேர்கின்றன. தோளுக்கும் மூளைக்கும் இடையிலான தொலைவு சிறிதாகையால் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. ஆனால், பாறையில் கால்விரலை இடித்துக்கொண்டவர் இதனைத் தெளிவாக அறிவார். முதலில் சுரீரென்று ஒரு வலி. ஏறத்தாழ ஒரு நொடி கழித்து மந்தமாகப் பரவும் எரிச்சல். விரைவான இழையும் மெதுவான இழையும் ஒரே செய்தியை வெவ்வேறு நேரத்தில் கொண்டு சேர்ப்பதன் விளைவு இது.

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்திய தொல்காப்பியர், உற்றறிதலாகிய தொடுவுணர்வை முதல் அறிவாகவும் மனத்தை ஆறாம் அறிவாகவும் வைத்தார். கழுத்துக்குக் கீழ் உள்ள உடல் முழுவதிலும் முதலாம் அறிவை மூளைக்குக் கொண்டுசெல்லும் முதன்மையான வழி தண்டுவடமே ஆகும்.

நரம்புச் செல்லின் மொழி

மனித மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுடையது. உடல் எடையில் அது 2 விழுக்காடு அளவே. எனினும், ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதனுள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. நரம்புச் செல் ஒவ்வொன்றும் தனித்த ஓர் அலகு என்பதை ஸ்பெயின் நாட்டு அறிஞர் சான்டியாகோ ரமோன் இ கஹால் நுண்ணோக்கியின் துணையால் நிறுவினார். 1906-ஆம் ஆண்டு அவர், இத்தாலிய அறிஞர் காமில்லோ கோல்ஜியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நரம்புச் செல்லுக்கு மூன்று பகுதிகள் உள்ளன. செய்தியைப் பெறும் கிளைகள் டெண்ட்ரைட்டுகள். செல்லின் உடல் சைட்டான். செய்தியைக் கொண்டுசெல்லும் நீண்ட இழை ஆக்சான். தண்டுவடத்தின் அடிப்பகுதியில் தொடங்கிக் கால்விரல் வரை செல்லும் ஓர் ஆக்சான், ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு செல்லின் இழை, ஒரு மனிதரின் பாதி உயரத்துக்கு நீள்வது உடலின் வியப்புகளுள் ஒன்றாகும்.

ஓய்வு நிலையில் நரம்புச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் உள்ளது. தூண்டல் ஏற்பட்டதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அடுத்துப் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிகழும் இம்மாற்றம் ஆக்சான் வழியே அலையாக நகர்கிறது. அருவி வலுத்து விழுந்தாலும் இந்தத் துடிப்பு பெரிதாவதில்லை. நொடிக்கு எழும் துடிப்புகளின் எண்ணிக்கையே கூடுகிறது. அந்த எண்ணிக்கையைக் கொண்டுதான் தூறலையும் பேரருவியையும் மூளை வேறுபடுத்துகிறது.

பல ஆக்சான்களைக் கொழுப்பு நிறைந்த மையலின் உறை சூழ்ந்துள்ளது. உறையின் இடைவெளிகளில் துடிப்பு தாவித் தாவிச் செல்வதால் கடத்தும் வேகம் பன்மடங்காகிறது. மையலின் உறையுள்ள பருமனான இழைகளில் நொடிக்கு 100 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செய்தி செல்கிறது. உறையற்ற மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவிலேயே செல்கிறது. ஒரு நரம்புச் செல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உள்ளது. மின்துடிப்பு அங்கு வந்ததும் நரம்புணர்வு கடத்திகள் எனப்படும் வேதிப்பொருள்கள் சுரந்து, இடைவெளியைக் கடந்து, அடுத்த செல்லைத் தூண்டுகின்றன.

தண்டுவடம் செய்யும் பணி

முதுகெலும்புத் தொடரின் உள்ளே, முகுளத்தின் தொடர்ச்சியாக இறங்கும் தண்டுவடம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுடையது. முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் அது செல்வதில்லை. இடுப்புப் பகுதியின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதிலிருந்து 31 இணைத் தண்டுவட நரம்புகள் பிரிகின்றன. கழுத்துப் பகுதியில் 8, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5, அதன்கீழ்த் திருவெலும்புப் பகுதியில் 5, வால் எலும்புப் பகுதியில் 1 என அவை அமைந்துள்ளன.

தண்டுவடத்தை வெறும் கம்பியாகக் கருதுவது பிழை. அதுவும் முடிவெடுக்கிறது. கொதிக்கும் பாத்திரத்தில் விரல் பட்டதும் கை பின்வாங்குகிறது. சூடு என்பதை மூளை உணர்வதற்கு முன்பே தண்டுவடம் தசைகளுக்கு ஆணையிட்டுவிடுகிறது. இதுவே அனிச்சைச் செயல். ஈரப்பாறையில் கால் வழுக்கும் கணத்தில் உடல் தன்னை நிலைநிறுத்திக்கொள்வதிலும், உட்செவியும் சிறுமூளையும் தண்டுவடமும் எண்ணத்துக்குக் காத்திராமல் ஒருங்கே இயங்குகின்றன. பெரும்பாலான வேளைகளில் அந்த ஒருங்கிணைப்பு ஒருவரைக் காத்துவிடுகிறது. சில வேளைகளில் காக்க இயலுவதில்லை.

சிதைந்தால் கூடாதது ஏன்?

சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுதலும் தண்டுவடக் காயத்துக்கு முதன்மைக் காரணங்கள். பனையும் தென்னையும் கிணறும் நிறைந்த சிற்றூர்களில் இரண்டாம் காரணம் வலுவானது. ஆழம் அறியாமல் கிணற்றிலோ குளத்திலோ தலைகீழாகப் பாய்பவரின் தலை தரையில் மோதினால் கழுத்தெலும்பு முறிகிறது. முறிந்த எலும்பு தண்டுவடத்தை நசுக்குகிறது. தண்டுவடக் காயத்துடன் வாழ்வோர் உலகில் 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் உள்ளனர் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

காயம் எந்த உயரத்தில் ஏற்பட்டது என்பதைப் பொறுத்து இழப்பு அமைகிறது. கழுத்தின் மேற்பகுதியில் ஏற்பட்டால், மூச்சுவிடும் தசையை இயக்கும் நரம்பும் செயலிழக்கக்கூடும். கழுத்தின் கீழ்ப்பகுதியில் என்றால் கைகளில் ஓரளவே இயக்கம் எஞ்சும். மார்புப் பகுதியில் என்றால் கைகள் இயங்கும், கால்கள் இயங்குவதில்லை. சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்தும் ஆற்றலும் குறைகிறது. உணர்வற்ற தோலில், அழுத்தத்தால் புண் உண்டாவதை அவரால் அறிய முடிவதில்லை.

கையில் உள்ள நரம்பு அறுந்தால், மருத்துவர் அதனைச் சேர்த்துத் தைத்த பின், ஆக்சான் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் வளரக்கூடும். தண்டுவடத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. அங்குள்ள மையலினில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் உள்ளன. காயமுற்ற இடத்தில் துணைச்செல்கள் சேர்ந்து தழும்பாக இறுகிக்கொள்கின்றன. முதிர்ந்த நரம்புச் செல்லின் வளரும் ஆற்றலும் குறைந்துவிடுகிறது. எனினும், பெரும்பாலான காயங்களில் தண்டுவடம் முழுவதும் துண்டாவதில்லை. சில இழைகள் எஞ்சுகின்றன. அவற்றைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம். 2018-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள், தண்டுவடத்தின்மேல் மின்தூண்டல் கருவியைப் பொருத்திக் கடும்பயிற்சியும் அளித்துச் சிலரை மீண்டும் நடக்கச் செய்தனர். ஆயினும், அறுந்த இழைகளை மீண்டும் முழுமையாக இணைக்கும் மருத்துவம் இன்னும் உருவாகவில்லை. முழுக் குணம் உறுதி என்று விளம்பரம் செய்வோரிடம் குடும்பங்கள் பொருளை இழந்துவிடக் கூடாது.

தெரிந்து தெளிவோம்

முதல் உலகப்போர்க் காலத்தில் தண்டுவடம் காயமுற்ற வீரர்களுள் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்தனர். 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் லுட்விக் குட்மன், நோயாளரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் முறையைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தினார். 1948-ஆம் ஆண்டு, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்தோருக்கான வில்வித்தைப் போட்டியை அவர் நடத்தினார். அதுவே இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் தோற்றுவாய்.

ஆய்க்குடி காட்டிய வழி

தென்காசிக்கு அருகில் உள்ளது ஆய்க்குடி. அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், 1975-ஆம் ஆண்டு சனவரி 10 அன்று பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொண்டார். அப்போது அவர் பொறியியல் மாணவர். உடல்திறன் தேர்வின்போது கீழே விழுந்ததில் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயமுற்றது. கழுத்துக்குக் கீழே உடல் இயக்கத்தை இழந்தார். விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் அவருக்குச் சிகிச்சை அளித்தார். இனியும் பயனுள்ள வாழ்க்கை வாழ முடியும் என்ற நம்பிக்கையையும் அளித்தார்.

1981-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உடல் ஊனமுற்றோருக்கான அனைத்துலக ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டில் இராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். தமக்கு நம்பிக்கை அளித்த மருத்துவரின் பெயரால் அதற்கு 'அமர் சேவா சங்கம்' எனப் பெயரிட்டார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கிய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். தண்டுவடம் காயமுற்றோருக்கான மறுவாழ்வுப் பயிற்சி, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான கல்வி, வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து அளிக்கும் பயிற்சி என நிறுவனத்தின் பணிகள் விரிந்தன. குழந்தைப் பருவத்தில் மூளையின் இணைப்புகள் எளிதில் மாறவும் புதிதாக உருவாகவும் வல்லவை. ஆகவே, அப்பருவத்தில் அளிக்கும் பயிற்சிக்குப் பயன் மிகுதி. 2020-ஆம் ஆண்டு இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடியும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் காயமுற்றுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். மருத்துவப் பணியை அவர் கைவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் நரம்பு பாதிக்கப்பட்டு மடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1972-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இவ்விருவர் வரலாற்றையும் மன உறுதியின் வெற்றி என்று மட்டும் போற்றுவது போதாது. மன உறுதி இன்றியமையாததே. ஆயினும், படுக்கைப்புண் வராமல் காத்த செவிலியர், பயிற்சி அளித்தோர், அமர்ந்து பணிசெய்ய ஏற்ற வகையில் மாற்றி அமைக்கப்பட்ட பணியிடம், துணைநின்ற குடும்பம் ஆகிய யாவும் அந்த வெற்றியில் பங்கு கொண்டன. இவை கிடைக்காத ஒருவர் வீட்டின் மூலையில் முடங்கினால், அதற்கு அவரது உறுதியின்மையைக் காரணம் காட்டுவது அறமாகாது.

தூக்குவதற்கு முன்

தண்டுவடக் காயத்தைப் பொறுத்தவரை ஊராரின் முதற்பொறுப்பு, விபத்து நிகழ்ந்த முதல் நிமிடங்களிலேயே தொடங்கிவிடுகிறது. பாறையில் வழுக்கி விழுந்தவரையும் மரத்திலிருந்து விழுந்தவரையும் ஒருவர் கைகளையும் மற்றொருவர் கால்களையும் பற்றித் தூக்கி, கிடைத்த வண்டியில் மடக்கிக் கிடத்திக் கொண்டுசெல்வது பரவலான வழக்கம். நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் இச்செயல், முறிந்த எலும்பை அசைத்துத் தண்டுவடத்தை மேலும் சிதைக்கக்கூடும். சில விரல்களையேனும் அசைத்திருக்கக்கூடிய ஒருவர் அந்த இயக்கத்தையும் இழக்க நேரிடலாம்.

செய்யத்தக்கவை எளியவை. அவரை அசைக்கக் கூடாது. உட்காரவைக்கவோ தண்ணீர் கொடுக்கவோ முயலக் கூடாது. கழுத்து அசையாதபடி தலையை இருபுறமும் கைகளால் தாங்கிக்கொண்டு, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். கைவிரல்களிலும் கால்விரல்களிலும் உணர்வு உள்ளதா, அவற்றை அசைக்க முடிகிறதா என்று கேட்டறிந்து மருத்துவப் பணியாளரிடம் கூற வேண்டும். வெள்ளமோ நெருப்போ சூழ்ந்து, இடம் மாற்றுவது தவிர்க்க முடியாததாகும்போது, பலர் சேர்ந்து தலை, கழுத்து, உடல் ஆகியவை ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு பலகையில் ஏற்ற வேண்டும். மூச்சு நின்றிருந்தால் உயிர் காக்கும் முதலுதவிக்கே முதலிடம்.

உதவினால் வழக்கில் சிக்க நேரிடும் என்ற அச்சம் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. 2021-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. சட்டமும் திட்டமும் இருக்கின்றன. தூக்கும் முறையை அறிந்த கைகள் தேவைப்படுகின்றன. அதனை ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் செய்முறைப் பயிற்சியாகக் கற்பிக்க வேண்டும். குற்றாலம் போன்ற இடங்களில் கடை நடத்துவோரும் ஓட்டுநர்களும் அதனைக் கற்றிருத்தல் நலம்.

படிக்கட்டு யாருடைய குறை?

ஊரின் இரண்டாம் பொறுப்பு, ஒருவர் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் தொடங்குகிறது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் வங்கி வாயிலில் நான்கு படிகளைக் கண்டு நிற்கிறார். அவரால் உள்ளே செல்ல இயலாமைக்குக் காரணம் எது? தண்டுவடத்தைக் காரணமாகக் கூறுவோர் பலர். ஆனால், அந்தப் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் இருந்திருந்தால், அதே தண்டுவடத்துடன் அவர் உள்ளே சென்று தம் பணியை முடித்துத் திரும்பியிருப்பார். உடலில் மாற்றம் ஏதும் நிகழாமலேயே இயலாமை நீங்கிவிடுகிறது. எனவே, அந்த வாயிலில் எழுந்த குறை கட்டடத்துக்கு உரியது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்கருத்தை ஏற்றுள்ளது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே பட்டியலிட்டிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளைச் சேர்த்துக்கொண்டது. பொதுக் கட்டடங்களும் போக்குவரத்தும் அனைவரும் அணுகத்தக்கனவாக அமைய வேண்டும் என்பதை அது உரிமையாக்கியது. அணுகல் வசதிக்கான விதிமுறைகள் வெறும் வழிகாட்டுதலாக இருத்தல் போதாது எனக் கருதிய உச்ச நீதிமன்றம், கட்டாய விதிகளை வகுக்குமாறு 2024-ஆம் ஆண்டு நவம்பரில் ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது.

இதற்கு இரு மறுப்புகள் கூறப்படுவதுண்டு. மிகச் சிலருக்காகப் பெரும்பொருள் செலவிடுதல் தகுமா என்பது முதல் மறுப்பு. சாய்தளத்தைச் சக்கர நாற்காலியில் வருவோர் மட்டும் பயன்படுத்துவதில்லை. முதியோர், பக்கவாதத்திலிருந்து மீண்டோர், நிறைமாதக் கருவுற்றோர், மூட்டுவலியுடையோர், மூட்டை சுமப்போர் என அனைவரும் அதில் ஏறுகின்றனர். முதுமை எய்தும் ஒவ்வொருவருக்கும் அது ஒருநாள் தேவைப்படும். புதிய கட்டடத்தின் வரைபடத்திலேயே அதனைச் சேர்த்துவிட்டால் செலவும் சிறிது. கட்டி முடித்தபின் இடித்துச் சேர்க்கும்போதே அது பெருஞ்செலவாகிறது.

தூக்கிச் செல்ல நல்ல உள்ளங்கள் இருக்கும்போது சாய்தளம் எதற்கு என்பது இரண்டாம் மறுப்பு. இக்கேள்வி இரக்கத்திலிருந்து எழுவதால் இதனை மென்மையாகவே மறுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் நால்வரை அழைத்துக் காத்திருக்க வேண்டிய ஒருவர், தம் விருப்பப்படி ஒரு நூலகத்துக்கும் செல்ல இயலாது. தூக்குவோர் வரும்வரை அவர் நேரம் அவருடையதன்று. பிறர் தோளை நம்பி வாழ்வதற்கும் தம் கையால் சக்கரத்தை உருட்டிச் செல்வதற்கும் உள்ள வேறுபாடே தன்மதிப்பு. தூக்கும் கைகளைப் பாராட்டலாம். அக்கைகளுக்குத் தேவை எழாத வாயிலைக் கட்டுவது அதைவிடச் சிறந்தது.

முகத்தில் படும் சாரல்

தண்டுவடத்தைப் பற்றிய உண்மை ஒன்று பலரும் எண்ணிப் பாராதது. முகத்தின் தொடுவுணர்வு தண்டுவட நரம்புகளின் வழியே செல்வதில்லை. மூளையிலிருந்து நேரடியாகப் பிரியும் 12 இணைக் கபால நரம்புகளுள் ஐந்தாவது இணை, நெற்றியின் உணர்வையும் கன்னத்தின் உணர்வையும் தாடையின் உணர்வையும் மூளைக்குக் கொண்டுசெல்கிறது. ஆகவே, கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முற்றிலும் சிதைந்தவரும் முகத்தில் படும் குளிரை முழுமையாக உணர்கிறார். குற்றாலத்துச் சாரல் அவர் நெற்றியில் பட்டால், அருகில் நிற்பவர் பெறும் அதே சிலிர்ப்பை அவரும் பெறுவார்.

ஆனால், சாரல் தெறிக்கும் தொலைவு வரை அவர் வந்து சேர வேண்டும். அதற்குச் சக்கரம் உருளும் சமதளமான பாதையும், வழுக்காத தரையும், பிடித்துக்கொள்ளக் கம்பியும், தாழ்தளப் பேருந்தும், பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் வேண்டும். இவற்றுள் ஒன்றும் நரம்பியல் ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பொறியாளரும் ஊராட்சியும் கொத்தனாரும் சேர்ந்து இன்றே செய்யத்தக்கவை.

அறுந்த ஆக்சானை மீண்டும் வளரச் செய்யும் நாள் எப்போது வரும் என்பதை அறிவியல்தான் கூற வேண்டும். அதுவரை தண்டுவடம் காயமுற்ற ஒருவர் வீட்டுக்குள் இருப்பதா, வீதிக்கு வருவதா என்பதை முடிவு செய்யும் பொறுப்பில் ஊருக்கும் பங்குண்டு. ஆய்க்குடி தன் பங்கை 1981-ஆம் ஆண்டே தொடங்கிவிட்டது. மற்ற ஊர்களும் தொடங்குவதற்கு ஒரு சாய்தளம் போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி, ஊராட்சி அலுவலகம், பேருந்து நிலையம் ஆகியவற்றுள் சக்கர நாற்காலியில் செல்லத்தக்க இடங்களையும் செல்ல இயலாத இடங்களையும் கண்டறிந்து பட்டியலிடுக.

2. உயரத்திலிருந்து விழுந்தவருக்கு உதவும் முறையை விளக்கும் சுவரொட்டி ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து உருவாக்குக.

3. 'இயலாமை உடலில் உள்ளதா, ஊரில் உள்ளதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.